போனைப் பிடுங்கினால் பிள்ளை வாயை மூடும்

கொச்சிப் பக்கம் பள்ளுருத்தியிலோ கும்பளங்கியிலோ பெற்றோர் கூட்டம் எதற்குப் போனாலும், பேச்சு கடைசியில் போனில் வந்துதான் நிற்கும். மலையாளம் பேசும் வீட்டாரும் சரி, மட்டாஞ்சேரிப் பக்கம் தலைமுறைகளாகக் குடியிருக்கும் நம் தமிழ் வீட்டாரும் சரி, ஒரே குரலில் சொல்வது இதைத்தான்: "முதல்ல அந்தப் போனை வாங்கி பீரோல வைங்க, எல்லாம் சரியாப் போயிரும்." கொஞ்சம் நிதானமானவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்: "கண்டுக்காம விடுங்க, நாலு நாள்ல தானா அடங்கிரும்." ஆசிரியர்களும் தலையாட்டுவார்கள். கூட்டம் கலையும்.

இந்த இரண்டு பேச்சையும் மறுக்கத்தான் இதை எழுதுகிறேன். ஊரே ஒத்துக்கொண்ட வைத்தியம் என்பதால் மறுப்பதும் கொஞ்சம் அழுத்தமாகவே இருக்க வேண்டும். ஒரு பிள்ளையை இணையத்தில் கூடி வதைக்கும்போது, போனைப் பிடுங்குகிற வீடும் கண்டுகொள்ளாதே என்கிற பள்ளியும் வதைக்கிறவனுக்குத்தான் காவல் நிற்கின்றன.

என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பெரியவர்கள் மனதில் இருக்கும் படம் வேறு. எங்கோ தூர தேசத்தில், முகம் தெரியாத ஒருவன், பொய்ப் பெயரில் வந்து பிள்ளையைக் கெடுக்கிறான் என்று நினைக்கிறார்கள். அப்படியும் நடக்கிறதுதான். ஆனால் எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகளைத் தூங்க விடாமல் செய்கிறவர்கள் பெரும்பாலும் பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள். வகுப்பில் கண்ணயர்ந்தபோது எடுத்த படம் வாட்ஸ்அப் ஸ்டிக்கராகிறது. ஒரு பெண்ணின் முகம், வாய் திறந்தபடி, எல்லா உரையாடலுக்கும் பதிலாக வந்து விழுகிறது. பள்ளியின் பெயரில் யாரோ நடத்தும் 'கன்ஃபெஷன்' பக்கத்தில், பெயர் போடாமல், ஆனால் யாரென்று எல்லோருக்கும் தெரியும்படி நாலு வரி வருகிறது. வகுப்புக் குரூப்பிலிருந்து ஒருத்தியை மட்டும் தூக்கிவிட்டு, அவளைப் பற்றிப் பேசவே இன்னொரு குரூப் தொடங்குகிறார்கள். தமிழ் வீட்டுப் பையன் என்றால் நிறத்தையும் பேச்சையும் வைத்துத் தனியாக ஒரு கேலி உண்டு. காயல் சூழ்ந்த கும்பளங்கி போன்ற ஊரில் இது இன்னும் கொடுமை. எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். படம் பெரும்படப்புப் பாலத்தைத் தாண்டுவதற்குள் கோயில், சர்ச், டியூஷன் என்று பிள்ளை போகிற எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆக, இது போனுக்குள் நடக்கிற விஷயமே இல்லை. வகுப்பில் தொடங்கி, போன் வழியாகப் பெருகி, மறுபடி வகுப்புக்கே திரும்பி வருகிறது. அந்தப் பெண்ணின் போனை வாங்கி பீரோவில் வைத்துவிட்டால் மீதி நாற்பது பேர் போனிலும் ஸ்டிக்கர் இருக்கத்தான் செய்யும். தன்னைப் பற்றி என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அறியாத ஒரே ஆளாக அவள் மட்டும் மறுநாள் வகுப்புக்குப் போவாள். வழியில் கல்லடி பட்ட பிள்ளையின் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, இனி நடக்காதே என்பது போலத்தான் இதுவும்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்த வைத்தியம் முன்கூட்டியே தெரியும். அம்மாவிடம் சொன்னால் போன் போகும், அதோடு தோழிகளும் போவார்கள், "நீ எதுக்கு அந்தப் போட்டோவைப் போட்ட" என்ற கேள்வியும் வரும். சொல்லாமல் இருந்தால் வலி மட்டும்தான். பதின்மூன்று வயதில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிற எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது. வதைக்கிறவனுக்கும் இது தெரியும். "வீட்டுல சொல்லு பார்ப்போம்" என்று அவன் துணிந்து சொல்வதே, சொன்னால் அடி விழப்போவது அவளுக்குத்தான் என்ற தைரியத்தில்.

2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டம் இடங்கணசாலையில் நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்கக் கூடாது. பட்டப்படிப்பு முடித்திருந்த 21 வயதுப் பெண்ணின் முகத்தை வேறு உடலோடு ஒட்டி ஒருவன் ஃபேஸ்புக்கில் போட்டான். குடும்பம் காவல்துறையிடம் போனது. படம் உடனே இறங்கவில்லை. காத்திருந்த நாட்களுக்குள் இன்னொரு படமும் வந்தது. விசாரிக்க வேண்டிய காவலரே ஒரு செல்போனை லஞ்சமாகக் கேட்டதாகப் புகார் எழுந்தது. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டாள். பெற்றவர்களே தன்னை நம்பவில்லையே என்ற வேதனையை அவள் எழுதிவைத்திருந்தாள். பிறகு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார். படம் போட்டவன் கைதானான். அந்தப் பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் ஊர் சொல்லிக்கொடுத்தபடிதான் பதறினார்கள். அந்த ஊர்ப்பாடத்தைத்தான் நான் குற்றம் சொல்கிறேன்.

"எங்க காலத்துல போன் இல்லாமலே வளரலையா?" என்பார்கள். வளர்ந்தோம். ஆனால் இந்தப் பிள்ளைகளின் கையில் போனை வைத்தது யார்? கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, 2020 ஜூன் 1 அன்று கேரள அரசின் கைட் விக்டர்ஸ் அலைவரிசையில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. வீட்டில் டிவியும் ஸ்மார்ட்போனும் இல்லாத பிள்ளைகளின் நிலை மாநிலத்தையே உலுக்கியது. கட்சிகள், சங்கங்கள், ஆசிரியர்கள், கோயில் கமிட்டிகள், சர்ச்சுகள் எல்லாம் கூடிப் பணம் திரட்டிப் போன் வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். அன்று போன் இல்லாத பிள்ளை படிப்பிலிருந்து விழுந்துவிடும் என்று ஊரே பதறியது. வீட்டுப்பாடம், தேர்வுத் தேதி, பேருந்து நேரம் எல்லாம் குரூப்பில் வர ஆரம்பித்தன. வாழ்க்கையை அதற்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, அடிபட்ட பிள்ளையிடம் மட்டும் நீ வெளியே வந்துவிடு என்பது நியாயமா?

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். போன் போதை என்று ஒன்று இருக்கிறது. விடிய விடிய விளையாட்டு, ரீல்ஸ், படிப்பு கெடுதல். அதற்குக் கேரள போலீஸ் 'டி-டாட்' என்ற பெயரில் ஆலோசனை மையங்கள் வைத்திருக்கிறது, கொச்சியிலும் உண்டு. போதைக்கு நேரக் கட்டுப்பாடு மருந்தாகலாம். வதைபடுவது போதை இல்லை. குடிகாரனுக்குச் சொல்லும் மருந்தை அடிபட்டவனுக்குக் கொடுத்தால் காயம் ஆறாது. நம் கூட்டங்களில் இரண்டையும் ஒரே மூச்சில் பேசி, ஒரே தீர்ப்பை எழுதிவிடுகிறோம்.

இப்போது இந்தத் தீர்ப்புக்கு உலக அளவில் ஒரு பெரிய துணை கிடைத்திருக்கிறது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று ஆஸ்திரேலியா 2024இல் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கும் அதே வேண்டும் என்கிறார்கள். அந்தச் சட்டத்தில் நான் மதிக்கும் ஒரு அம்சம் உண்டு: மீறினால் அபராதம் கம்பெனிக்குத்தான், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. நம்மூரில் அதைக் கேட்கிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிட்டு, பிள்ளையைத் தடுக்கும் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் போக, ஒரே போனை அப்பா, அம்மா, மகன், மகள் என்று நாலு பேர் பங்குபோடும் வீட்டில் கணக்கு யார் பெயரில் இருக்கும்? அப்பா பெயரில். தடை யாரைத் தடுக்கும்?

வதைப்பது பிள்ளைகள் மட்டும்தானா என்ற கேள்வியும் இருக்கிறது. கும்பளங்கியிலிருந்து கொஞ்ச தூரம்தான் தம்மனம். 2018 ஜூலையில் அந்தச் சந்திப்பில் கல்லூரி யூனிபார்மோடு மீன் விற்றுக்கொண்டிருந்தார் ஹனான் ஹமீத். விடியற்காலையில் சைக்கிளில் சம்பக்கரை மீன் சந்தைக்குப் போய் மீன் எடுத்துவைத்துவிட்டு, தொடுபுழையில் இருக்கும் கல்லூரிக்குப் பஸ் ஏறி, சாயங்காலம் வந்து விற்பார். மாத்ருபூமியில் செய்தி வந்தது, ஊர் பாராட்டியது, ஒரு சினிமா வாய்ப்பும் பேசப்பட்டது. ஒரே நாளில் காற்று திரும்பியது. எல்லாம் படத்துக்கான விளம்பர நாடகம், அவள் பொய்க்காரி என்று வசை கொட்டியது. அவருடைய உடை, மதம், விரலில் போட்டிருந்த மோதிரம்வரை இழுத்துப் பேசினார்கள். என்னை வேலை செய்ய விடுங்கள் என்று அந்தப் பெண் கேமராக்களுக்கு முன் கைகூப்பி அழுதார். பேசியவர்களில் யாரும் பத்தாம் வகுப்புப் பிள்ளை இல்லை. வேலை, குடும்பம், மீசை எல்லாம் உள்ள பெரிய மனிதர்கள். அந்த வசைகளைப் பார்த்துச் சிரித்த அப்பாக்களின் போனில்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பிள்ளையைப் பதினாறு வயதுவரை நிறுத்திவைத்து, பதினேழாவது வயதில் இந்தப் பெரியவர்களின் கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதால் என்ன மாறிவிடும்?

கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் ஹனானுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். பொய்தான் நிலைத்திருக்கும். அவரைக் காப்பாற்றியது கண்டுகொண்டவர்கள். அவருடைய கல்லூரியிலிருந்து ஆசிரியர்கள் அவர் சொல்வது உண்மை என்று வெளியே வந்து சொன்னார்கள். முதலமைச்சர் பினராயி விஜயன் அவர் பக்கம் நின்று எழுதினார். நடவடிக்கை எடுக்கச் சொல்லிப் போலீசுக்கு உத்தரவு போனது. வீடியோவில் வசைபாடியவர்கள் சில நாட்களுக்குள் கைதாகத் தொடங்கினார்கள். அடுத்த மாதம் பெருவெள்ளம் வந்தபோது, தனக்கு மக்கள் அனுப்பிய பணத்தை முதலமைச்சரின் நிவாரண நிதிக்குக் கொடுத்தார் ஹனான். எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது வேகம். நாலு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று யாரும் உட்காரவில்லை. பெயர் தெரிந்த, பத்திரிகையில் படம் வந்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்த அந்த வேகம், எட்டாம் வகுப்பு பி பிரிவில் இருக்கும் ஒருத்திக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

உடனே சிலர் கடுமையான சட்டம் வேண்டும் என்பார்கள். அதற்கும் நான் உடன்படவில்லை. கேரளம் அதையும் செய்து பார்த்துவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, கேரள போலீஸ் சட்டத்தின் 118டி பிரிவும் சேர்ந்தே போனது. 2020 நவம்பரில் இணைய வசையைத் தடுக்கவென்று 118ஏ பிரிவைச் சேர்க்கும் அவசரச் சட்டம் வந்தது. மூன்று ஆண்டு வரை சிறை. எதை எழுதினாலும் பிடிக்கலாம் என்கிற அளவுக்கு அகலமான வாசகம். நாலாபக்கமும் எதிர்ப்பு எழுந்து சில நாட்களிலேயே அரசு பின்வாங்கியது. பின்வாங்கியது சரியே. பத்திரிகைக்காரரையும் எதிர்க்கட்சிக்காரரையும் மிரட்டத்தான் அது பயன்பட்டிருக்கும்.

இருக்கிற சட்டமே போதும், எடுத்துப் பயன்படுத்த ஆள்தான் இல்லை. ஒரு பிள்ளையின் ஆபாசப் படத்தை, ஒட்டுவேலை செய்த படமாக இருந்தாலும், பரப்புவதைத் தண்டிக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு இருக்கிறது. போக்சோ சட்டத்தின் 11, 12 பிரிவுகள், படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டுவதையும் குற்றமாக்குகின்றன. இப்படிப்பட்ட படத்தைப் பற்றிப் புகார் வந்தால் கம்பெனி 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளே சொன்னன. பள்ளிகள் தட்டிக்கழிக்கும்போது சொல்லும் "இது ஸ்கூலுக்கு வெளியே நடந்தது" என்ற சாக்குக்கும் பதில் உண்டு. 1998ஆம் ஆண்டின் கேரள ராகிங் தடைச் சட்டம், மனதுக்குத் துன்பம் தரும் செயலையும் சேர்த்து, கல்வி நிறுவனத்துக்கு உள்ளேயும் வெளியேயும் தடுக்கிறது. புகார் வந்தால் ஏழு நாளுக்குள் தலைமையாசிரியர் விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் விட்டால் அவரும் உடந்தை என்று அதே சட்டம் சொல்கிறது. இதைச் சுவரில் ஒட்டிவைத்த பள்ளி எத்தனை இருக்கும்?

இங்கேதான் பிடுங்கி வைத்த போன் இன்னொரு கெடுதல் செய்கிறது. கோபத்தில் அப்பா ஆப்பை அழிக்கிறார், சிம்மை உடைக்கிறார், போனை ஃபார்மேட் செய்கிறார். சாட்சி முழுவதும் போய்விடுகிறது. மறைந்துபோகும் ஸ்டோரிக்கும், இரவோடு இரவாகப் பெயர் மாற்றும் ஃபேக் ஐடிக்கும் ஸ்கிரீன்ஷாட் வேண்டும். அதோடு அந்தக் கணக்கின் முகவரி, தேதி, நேரம் எல்லாம் வேண்டும். இதையெல்லாம் எடுத்துவைக்கத் தெரிந்தவள் அந்தப் பிள்ளைதான். அவள் கையில் போனும் அவள் பக்கத்தில் ஒரு பெரியவரும் இருந்தால்தான் அது நடக்கும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: அந்தரங்கப் படமாக இருந்தால் அதைச் சாட்சிக்கென்று கூட யாருக்கும் அனுப்பிவைக்கக் கூடாது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கென்று 'டேக் இட் டவுன்' என்ற சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் எண் அடையாளம் மட்டும் போகும். சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துத் தடுக்கின்றன. 1098இல் சைல்டுலைன் இருக்கிறது. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், உயிர்மேல் வெறுப்பு வந்த பிள்ளைக்கு டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. எந்த நேரமும் பேசலாம்.

"கேஸ் போட்டா அந்தப் பையன் வாழ்க்கை போயிருமே" என்று பாதிக்கப்பட்ட பிள்ளையின் தாயே தயங்குவதைக் கேட்டிருக்கிறேன். நல்ல மனசு. ஆனால் அந்தப் பயம் பாதி தப்பு. சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் 2016இல் வந்த மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமாக இருந்தாலோ பெரியவர்கள் கூட்டுச் சேர்ந்திருந்தாலோ தவிர, சிறுவன்மீது எஃப்ஐஆர் போடுவதில்லை. காவல் நிலைய நாட்குறிப்பில் பதிந்து, அவன் வீட்டுச் சூழலை விசாரித்து, சிறார் நீதி வாரியத்துக்கு அறிக்கை கொடுக்கிறார்கள். புகார் கொடுப்பது அவனை ஜெயிலுக்கு அனுப்புவது என்று அர்த்தமில்லை. அவனும் ஏதோ ஒரு வீட்டில் அடிவாங்கி வந்திருக்கலாம். அதையும் யாராவது கேட்க வேண்டும், புகார் இல்லாவிட்டால் யார் கேட்பார்கள்?

போலீசுக்குப் போவதற்கு முன்னால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிவா' திட்டம் 2009 முதல் நாடெங்கும் பள்ளிகளுக்குப் போனது. அதன் அடிப்படை எளிது. வதைக்கிறவன் ஒருவன், வதைபடுகிறவன் ஒருவன், மீதி இருபது பேர் பார்க்கிறார்கள். பார்க்கிறவர்கள் சிரித்தால் வதை வளரும், சிரிக்க மறுத்தால் வதைக்கிறவனுக்கு மேடை போய்விடும். ஆகவே பாடம் அந்த இருபது பேருக்கு. பெரிய அளவில் சோதித்துப் பார்த்ததில் வதை குறைந்தது தெரிந்தது. இதைப் புரிந்துகொள்ள நாம் பின்லாந்துவரை போக வேண்டியதும் இல்லை. இந்த ஊரின் பெயரைத் தமிழ்நாட்டுக்குத் தெரியவைத்த 'கும்பளங்கி நைட்ஸ்' படம் 2019இல் வந்தது. அதில் ஷம்மி வீட்டை முழுக்கக் கண்காணிக்கிறான். யார் யாரோடு பேசுகிறார்கள் என்று ஒட்டுக் கேட்கிறான். பாதுகாப்பு என்றுதான் அவனும் நினைக்கிறான். கதை திரும்புவது அவன் மனைவி சிமி வாய் திறக்கும்போது. அதுவரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள், தங்கையிடம் இப்படிப் பேசக் கூடாது என்று கணவனிடம் சொல்லிவிடுகிறாள். ஸ்டிக்கர் விழும்போது, "இதை டெலிட் பண்ணு, எனக்குப் பிடிக்கலை" என்று குரூப்பில் ஒருத்தி எழுத வேண்டும். ஒரு வரிதான். அதை எழுதுகிற தைரியத்தைப் பள்ளி கற்றுத்தர வேண்டும். அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டால் அந்த வரியை யார் எழுதுவது?

இதெல்லாம் ஊரில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் கும்பளங்கியையே காட்டுவேன். 2022 ஜனவரி 13 அன்று, நாட்டிலேயே சானிட்டரி நாப்கின் இல்லாத முதல் பஞ்சாயத்தாக இந்த ஊரை ஆளுநர் ஆரிஃப் முகமது கான் அறிவித்தார். 'அவள்க்காயி' என்ற திட்டத்தில், 18 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆயிரக்கணக்கில் மென்ஸ்ட்ருவல் கப் கொடுத்தார்கள். கொடுத்ததைவிடப் பெரிய வேலை அதற்கு முன்னால் நடந்த பேச்சு. அம்மாவும் மகளும்கூடக் காதோடு காதாகப் பேசிய விஷயத்தை, வார்டு வார்டாகக் கூட்டம் போட்டு வெளிச்சத்தில் பேசினார்கள். பயம், கூச்சம், வதந்தி எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். அந்த ஊரால் இதையும் பேச முடியும்.

பேசுவதற்கான ஏற்பாடும் தயாராக இருக்கிறது. கேரளத்தில் பெண்கள், குழந்தைகள் பாதுகாப்புக்கென்று பஞ்சாயத்து அளவிலும் வார்டு அளவிலும் ஜாக்ரதா சமிதி உண்டு. பெண்கள் சுய உதவி அமைப்பான குடும்பஸ்ரீக்குக் குழந்தைகளின் பாலசபை உண்டு. பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' என்ற கணினி மன்றத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2022 மே மாதம் 'அம்ம அறியான்' என்ற பெயரில் அரசின் கைட் நிறுவனம் நடத்திய திட்டத்தில், அந்தப் பிள்ளைகளே தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பெடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. போனைப் பற்றிப் பிள்ளை சொல்ல, அம்மா குறிப்பெடுக்கிறாள். அப்படி உட்கார்ந்த வீட்டில் பிள்ளை அடிபட்டு வந்தால் யாரிடம் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாக்களுக்கும் அப்படி ஒரு வகுப்பு வேண்டும்.

நான் கேட்பது இதுதான். பள்ளி திறக்கும் ஜூனுக்கு முன்னால், ஒவ்வொரு வார்டிலும் இதற்கென்று ஒரு பெண்ணும் ஒரு ஆணும் பெயர் அறிவிக்கப்பட வேண்டும். ஆஷா பணியாளரோ, ஓய்வுபெற்ற ஆசிரியரோ, பிள்ளைகள் நம்புகிற எவராகவும் இருக்கலாம். பிள்ளை நேராக அவர்களிடம் போகலாம், வீட்டில் சொல்லும்போது அவர்களும் கூட வருவார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு தாயும் தகப்பனும் தம் பிள்ளைக்கு முன்னால் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்: நீ என்ன சொன்னாலும் அதற்காக உன் போனை வாங்க மாட்டேன், முதலில் நம்புவேன். வதைத்த பிள்ளையின் தாயும் அதே கூட்டத்தில், அநேகமாக அடுத்த நாற்காலியில் இருப்பாள். அவள் வீட்டுக்குப் போய், அவமானப்படுத்தாமல், ஆனால் எதையும் மழுப்பாமல் பேசப் போவது யார் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துவிட வேண்டும்.